நிழலுக்குள் போக ஏழு லெவல்: பிரெஸ்டீஜ் கிளாஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

"அண்ணா, எட்டாவது லெவல் வந்தாச்சு. ஷேடோடான்சர் எடுத்துக்கட்டுமா?"

சித்தி மகன் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்துக்கு உட்கார்ந்தபோது. மேசையில் பகடைகள், பாதி தின்ற முறுக்கு, ஐந்து கேரக்டர் ஷீட். அவனுடைய கேரக்டர் ஒரு ஹாஃப்லிங் ரோக். ஆள் அரை உயரம், பூட்டைத் திறப்பதில் கெட்டிக்காரன். ஷேடோடான்சர் என்ற பிரெஸ்டீஜ் கிளாஸுக்குள் போய்விட்டால், நாலு பேர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்தடிக்குள் ஏதோ ஒரு நிழல் இருந்தால் போதும், மறைந்துவிடலாம். ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒளிந்துகொள்வதில் பத்துப் புள்ளி, சத்தமில்லாமல் நடப்பதில் பத்து, கேட்கிற மூன்று ஃபீட்டும், அதாவது சிறப்புத் திறன்களும், கைவசம். நடனத்தில் மட்டும் பூஜ்யம். அதில் ஐந்து வேண்டும்.

"டான்ஸ் எதுக்குண்ணா? நான் திருடன்தானே?"

பேரிலேயே டான்சர் இருக்கிறதே என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஆட்டம் தொடங்க நேரமாகிவிட்டிருந்தது. "சரி, விடு, எடுத்துக்கோ" என்றேன்.

அப்போது கதையில் குழு ஒரு பாழடைந்த சுரங்கத்தில், பூமிக்கு வெகு ஆழத்தில் இருந்தது. இரவு படுத்தார்கள், காலையில் எழுந்தார்கள், ஹாஃப்லிங் நிழலுக்குள் கரைகிறான். "நேத்து வரைக்கும் இது தெரியாதே, எங்கே கத்துக்கிட்டே?" என்று கிளெரிக்காக ஆடுபவர் கேட்டார். அவனிடம் பதில் இல்லை. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், நான், என்னிடமும் இல்லை. அடுத்த வாரம் ஃபைட்டராக ஆடுபவர் தடிமனாக ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தனக்கும் இதே மாதிரி ஒரு கிளாஸ் வேண்டும் என்று நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். அவருக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இனி, நான் அன்று தெரிந்து வைத்திருக்க வேண்டியவை. புதிதாக டிஎம் நாற்காலியில் உட்காருபவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ஆட்டம். ஒவ்வொருவரும் ஒரு கேரக்டரை ஆடுகிறார்கள், டிஎம் உலகத்தையும் மற்ற எல்லோரையும் ஆடுகிறார். கேரக்டருக்கு ஒரு கிளாஸ் உண்டு. வாள் வீசுகிறவன் ஃபைட்டர், மந்திரம் படித்தவன் விசார்ட், சாமியின் பேரால் அற்புதம் செய்பவன் கிளெரிக், பதுங்கிப் பாய்கிறவன் ரோக். அனுபவப் புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். லெவல் ஏற ஏறத் திறமை கூடும். இவ்வளவுதான்.

இந்த அடிப்படை கிளாஸ்கள் முதல் நாளே எடுக்கக் கிடைப்பவை. முதல் நாள் எடுக்க முடியாத கிளாஸும் உண்டு. கொஞ்ச தூரம் வந்து, சில தகுதிகளைச் சேர்த்த பிறகுதான் அதன் கதவு திறக்கும். அதற்குப் பல ஆட்டங்களில் பல பெயர். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பு வைத்த பெயர் பிரெஸ்டீஜ் கிளாஸ். கேட்டதும் குக்கர் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் குற்றமில்லை, எங்கள் மேசையில் இன்றுவரை யாராவது ஒருவர் விசில் அடிக்காமல் இருப்பதில்லை.

தாயம் ஆடியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பல வீடுகளில், எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் போகக் கூடாது என்று விதி உண்டு. வெட்டு இல்லையென்றால் வெளியிலேயே சுற்ற வேண்டியதுதான். பிரெஸ்டீஜ் கிளாஸின் தகுதிப் பட்டியலும் அப்படித்தான். ஆனால் தாயத்தில் வெட்டு எப்போது விழும் என்பது கட்டையின் கையில், இங்கே அது ஆடுகிறவர் பல மாதம் முன்பே போடும் திட்டத்தின் கையில். என் ஹாஃப்லிங் விஷயத்தில் கோளாறு அங்கேதான் தொடங்கியது.

இந்த யோசனை மூன்றாம் பதிப்பில் திடீரென்று முளைத்ததல்ல. 1978 இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில், பின்னிணைப்பில் பார்ட் என்ற பாடகர் கிளாஸ் இருந்தது. அதற்குள் நுழையும் வழியைக் கேளுங்கள். முதலில் ஃபைட்டராகக் குறைந்தது ஐந்தாம் லெவல் வரை வர வேண்டும், எட்டைத் தொடுவதற்குள் அதை விட்டுவிட்டுத் திருடராக மாற வேண்டும். திருடராக ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அதையும் விட்டுவிட்டு ட்ரூயிட் என்ற காட்டுப் பூசாரிகளிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும். அப்போதுதான் பார்ட். அதோடு வலிமை, ஞானம், லாகவம், கவர்ச்சி நான்கும் 15க்குக் குறையக் கூடாது, அறிவு 12, உடல் உறுதி 10. மூன்று பகடையை வரிசையாக ஆறு முறை உருட்டி இதெல்லாம் சரியாக விழ என்ன வாய்ப்பு என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 58,000 முறைக்கு ஒன்று. கருணையான உருட்டும் முறைகளையும் அதே ஆட்டம் அனுமதித்தது என்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமில்லை. இருந்தாலும், முழு பார்ட் ஒருவரை ஆடிய ஆளை நான் நேரில் பார்த்ததில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது 1984 இல் வந்த கம்பானியன் என்ற விதிப் பெட்டியின் வழி. ஒன்பதாம் லெவலுக்கு வந்த ஃபைட்டர் நிலம் வாங்கி அரண் கட்டிக் குடியேறலாம், இல்லையென்றால் ஊர் ஊராகத் திரியலாம். திரிகிறவன் நெறிதவறாதவனாக இருந்து, அதே நெறியுள்ள ஒரு கோயிலுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் பாலடின். அரசருக்குச் செய்தால் நைட். கட்டுப்பாடற்ற பக்கம் சாய்ந்தவன் அந்தப் பக்கத்துக் கோயிலோடு சேர்ந்தால் அவெஞ்சர். மூன்றிலும் ஒரு விஷயம் பொது: யாரிடமாவது போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்தக் கிளாஸ் உலகத்துக்குள் யாரோ ஒருவருடைய சொத்து. பேனா எடுத்து ஷீட்டில் எழுதினால் மட்டும் ஆகாது.

இங்கிலாந்தில் 1986 இல் வந்த வார்ஹாமர் ஃபேன்டசி ரோல்ப்ளே இதையே தொழிலாக மாற்றியது. அடிப்படைத் தொழில், உயர்தொழில் என்று இரண்டு வகை. நீங்கள் எலி பிடிப்பவராகத் தொடங்கலாம், கூடவே ஒரு குட்டி நாய். எந்தத் தொழிலிலிருந்து எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

மூன்றாம் பதிப்புக்கு வருவோம். டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் 2000 இல் இருந்தது ஆறே ஆறு பிரெஸ்டீஜ் கிளாஸ்: ஆர்கேன் ஆர்ச்சர், அசாசின், பிளாக்கார்ட், ட்வார்வன் டிஃபெண்டர், லோர்மாஸ்டர், ஷேடோடான்சர். 2003 இல் 3.5 திருத்தம் வந்தபோது அதே கையேட்டில் பதினாறு. அப்புறம் துணைப் புத்தகங்கள் வரிசைகட்டி வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து. ஃபைட்டர் தூக்கி வந்த தடிமன் புத்தகம் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இங்கே பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு சின்ன விஷயம். அடிப்படை கிளாஸ்கள் இருப்பது ஆட்டக்காரர் கையேட்டில். பிரெஸ்டீஜ் கிளாஸ்களை வைத்தது டிஎம் கையேட்டில். அவை கட்டாயமல்ல, அனுமதிப்பது டிஎம் விருப்பம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அதாவது அது ஆட்டக்காரர் பார்த்து ஆர்டர் கொடுக்கிற ஓட்டல் பலகை இல்லை. அடுப்படியில் என்ன இருக்கிறது என்று டிஎம் முடிவு செய்து, பிறகு வெளியே வந்து சொல்வது.

ஷேடோடான்சரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

3.5 இல் ஷேடோடான்சர் கேட்பது இவை: ஒளிதல் பத்து, ஓசையின்றி நடத்தல் எட்டு, நடனம் ஐந்து, மேலும் டாட்ஜ், மொபிலிட்டி, காம்பாட் ரிஃப்ளெக்சஸ் என்ற மூன்று ஃபீட். ஒரு திறமையில் அதிகபட்சம் போடக்கூடிய புள்ளி, லெவலோடு மூன்றைக் கூட்டினால் வருவது. அப்படியென்றால் ஒளிதலில் பத்து வர ஏழாம் லெவல் ஆக வேண்டும். எட்டாவது லெவலைத்தான் ஷேடோடான்சராக எடுக்க முடியும். மனிதரல்லாத ரோக்குக்கு ஏழாம் லெவலுக்குள் கிடைக்கும் ஃபீட் மொத்தமே மூன்று: ஒன்றில், மூன்றில், ஆறில். மூன்றையும் இதற்கே கொடுத்தாக வேண்டும். வேறு எதற்கும் காசு மிஞ்சாது.

காலக் கணக்கையும் பாருங்கள். 3.5 இன் அனுபவப் புள்ளி அட்டவணை, சம பலமுள்ள எதிரிகளோடு பதிமூன்று சொச்சம் மோதலுக்கு ஒரு லெவல் என்ற கணக்கில் போடப்பட்டது. எட்டாம் லெவலைத் தொட ஏழு முறை ஏற வேண்டும், கிட்டத்தட்ட 93 மோதல். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறுக்கு மூன்று மோதல் நடந்தால் பெரிய விஷயம். ஆக முப்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள். நடுவில் தீபாவளி, கல்யாணம், பரீட்சை எல்லாம் சேர்த்தால் முக்கால் வருஷம். இவ்வளவு காலம் ஒருவன் இந்தக் கதவை நோக்கி நடந்து வருகிறான். அது கதையில் எங்குமே தெரியாமல், எட்டாவது லெவலில் முதன்முதலாக வாயைத் திறந்து கேட்டால், முக்கால் வருஷக் கதை வீணாகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் இப்போதெல்லாம் மூன்றாம் நான்காம் லெவலிலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுகிறேன்: "உன் ஆள் கடைசியில் என்னவாகணும்?" பதில் புத்தகத்திலிருந்து வர வேண்டும் என்றில்லை. 'யார் கண்ணிலும் படாமல் அரண்மனைக்குள் போய்வர வேண்டும்' என்று சொன்னால் போதும், பொருத்தமான கிளாஸை நான் தேடித் தருவேன். தேடியதில் மூன்று நான்கு மட்டுமே என் உலகத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்: ஒரு மடம், ஒரு கூட்டம், தனியாகக் காட்டில் வாழும் ஒரு கிழவர். தகுதிப் பட்டியலை அந்தச் சொந்தக்காரரின் வாயில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. நடனத்தில் ஐந்து என்பது ஷீட்டில் வெறும் எண். 'ஆடத் தெரியாதவனுக்கு நிழலின் தாளம் பிடிபடாது' என்று ஒரு கிழவி சொன்னால் அதுவே காட்சி.

சரி, சித்தி மகனுக்கு அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? விதியே வழி வைத்திருந்தது. ரோக்குக்கு லெவலுக்கு எட்டுத் திறமைப் புள்ளி, அதற்குமேல் அறிவுக்கு ஏற்ப. எட்டாவது லெவலையும் ரோக்காகவே எடு, ஐந்து புள்ளியை நடனத்தில் போடு, ஒன்பதில் பார்ப்போம். ஒரே ஒரு லெவல் தாமதம். அந்த இடைவெளியில் யாரிடம் ஆடக் கற்றான் என்பதற்கு இரண்டு மூன்று ஞாயிறு கிடைத்திருக்கும்.

கூடுவதும் குறைவதும்

புது டிஎம்களுக்கு வரும் முதல் பயம், இதைக் கொடுத்தால் ஒருவன் மட்டும் ரொம்பப் பலசாலி ஆகிவிடுவானோ என்பது. சில சமயம் நியாயமான பயம். ஆனால் வருவதை மட்டும் பார்த்தால் போதாது, போவதையும் பார்க்க வேண்டும். ஒன்பதாம் லெவல் முழு ரோக் பதுங்கித் தாக்கினால் கூடுதலாக ஐந்து பகடை. ஏழு ரோக், இரண்டு ஷேடோடான்சர் என்று போனவனுக்கு நான்கு. இரண்டாம் ஷேடோடான்சர் லெவல் தருவதில் ஒன்று, ரோக்கிடம் இரண்டாம் லெவலிலேயே இருந்த அதே தப்பிக்கும் திறமை. எல்லோரும் ஆசைப்படுகிற அந்த மறைதல் முதல் லெவலிலேயே வந்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு லெவலைத் தொட்டுவிட்டுத் திரும்பி ரோக்குக்கே ஓடிவருகிறவர்கள் உண்டு. பந்தியில் பாயசத்துக்கு மட்டும் உட்காருகிற ஆள் மாதிரி. விதிப்படி தடையில்லை. ஆனால் கற்றுக்கொடுத்த கிழவி சும்மா விடுவாளா என்பது டிஎம்மின் கையில் இருக்கிறது.

மிஸ்டிக் தியர்ஜ் இதற்கு நேர் எதிர். கிளெரிக் மந்திரமும் விசார்ட் மந்திரமும் ஒன்றாக வளரும் கிளாஸ் அது. படித்தால் வாய் ஊறும். நுழைய, இரண்டு பக்கத்திலும் இரண்டாம் நிலை மந்திரம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது கிளெரிக் மூன்று, விசார்ட் மூன்று. ஆறாம் லெவலில் இவர் இருக்கும் நிலையைப் பாருங்கள். பக்கத்து நாற்காலியில் வெறும் விசார்டாக வந்தவர் ஐந்தாம் லெவலிலிருந்தே ஃபயர்பாலை வீசி அறையையே கருக்கிக்கொண்டிருப்பார். இவர் இரண்டு பையிலும் சில்லறையை வைத்துக்கொண்டு நிற்பார். இந்தக் கிளாஸைக் கேட்பவரிடம் டிஎம் செய்ய வேண்டியது தடுப்பதல்ல, எச்சரிப்பது: 'நாலைந்து மாதம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்வீர்களா?'

பலத்தைவிட எனக்குக் கவலை தருவது மேசைக்குள் வரும் உரசல். அசாசினை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 இல் அது தீய நெறியாளர்களுக்கு மட்டும். கூடவே ஒரு நிபந்தனை: அந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக யாரையாவது கொன்றிருக்க வேண்டும். அதே குழுவில் ஒரு பாலடின் இருந்தால்? தெரிந்தே தீயவர்களோடு சேரக் கூடாது என்பது பாலடினின் விதி. இரண்டு பேரும் விதிப்படிதான் ஆடுகிறார்கள், கேம்பெயின், அதாவது வாரா வாரம் ஓடும் அந்தத் தொடர்கதை, உடைந்துபோகிறது. இதற்கு டிஎம் முன்கூட்டியே முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்வதுதான் மரியாதை. பாதி வழியில் பகடையில் ஏமாற்றித் தடுப்பது அல்ல.

மறுபக்கம், பிளாக்கார்ட் என்ற கிளாஸ் இருக்கிறதே, அது கதை சொல்லிகளுக்கு விருந்து. தீய வேற்றுலக உயிர் ஒன்றோடு சமாதானமாகப் பேசியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நெறி தவறிய பாலடின் அதற்குள் போனால், பழைய பாலடின் லெவல்களுக்கு ஏற்பக் கூடுதல் சக்தி தரும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தானோ அவ்வளவு கூலி. ஆட்டக்காரர் தன் ஆளை வில்லனாக்கி டிஎம்மிடமே ஒப்படைத்துவிட்டு, புது ஆளோடு வந்து உட்காரச் சம்மதித்தால் இதைவிட நல்ல எதிரி கிடைக்க மாட்டான்.

ஷேடோடான்சர் மூன்றாம் லெவலில் ஒரு நிழல் உருவத்தைத் துணைக்கு அழைக்கிறான். அது இறந்தும் நடமாடும் வகை. விதிப்படி வேறு யாரும் அதை விரட்டவோ அடக்கவோ முடியாது. ஆனால் எங்கள் கிளெரிக் வணங்குவது பெலோர் என்ற சூரியக் கடவுளை. அவர் அதைப் பார்த்த முதல் நாள் இருவரும் மேசையில் இருபது நிமிடம் வாதாடினார்கள், நான் வாயைத் திறக்கவே இல்லை. அந்தக் கேம்பெயினில் எனக்குப் பிடித்த இருபது நிமிடங்களில் அது ஒன்று.

ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு

நீங்கள் ஐந்தாம் பதிப்பு ஆடினால் பிரெஸ்டீஜ் கிளாஸ் என்று எதையும் பார்க்க மாட்டீர்கள். இடையில் 2008 இல் வந்த நான்காம் பதிப்பு, பதினோராம் லெவலில் பாரகன் பாத், இருபத்தொன்றில் எபிக் டெஸ்டினி என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. 2014 இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அந்த வேலையைப் பெரும்பாலும் சப்கிளாஸ், அதாவது கிளாஸுக்குள் ஒரு கிளை, ஏற்றுக்கொண்டது. கிளாஸைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது மூன்றாம் லெவலில் எடுக்கலாம், 2024 திருத்தத்தில் எல்லோருக்குமே மூன்றாம் லெவல். 2015 இல் ரூன் ஸ்கிரைப் என்ற பிரெஸ்டீஜ் கிளாஸைச் சோதனையாக வெளியிட்டுப் பார்த்தார்கள், அந்த முயற்சி நிலைக்கவில்லை.

கணக்குச் சுலபமாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் லெவலுக்கு 900 புள்ளிதான் வேண்டும், சில அமர்வுகளில் வந்துவிடும். காத்திருந்து சேரும் அந்த ருசி இதில் கிடையாது. வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் லெவலுக்கு முன்பே குருவை அறிமுகப்படுத்தி வைக்கலாம். இரண்டாவது கிளாஸ் எடுக்க விரும்புகிறவரிடம், அதற்கு வேண்டிய திறன் 13 இருக்கிறதா என்பதோடு, யாரிடம் கற்றாய் என்றும் கேட்கலாம். பணத்துக்குப் பதிலாகப் பயிற்சியையே பரிசாகக் கொடுக்கும் யோசனை 2014 டிஎம் கையேட்டிலேயே உண்டு. பத்தாம் லெவலில் ஒரு மடம் கதவைத் திறந்து ஒரு ஃபீட்டைக் கற்றுக்கொடுத்தால், பேர் மட்டும்தான் வேறு, விஷயம் அதேதான்.

பாயசத்துக்கு மட்டும் உட்காருகிறவர்களுக்கு நல்ல மருந்து கண்டுபிடித்தது 2019 இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு. அதில் ஆர்க்கிடைப் என்ற கூடுதல் பாதை ஒன்றுக்குள் நுழைய ஒரு ஃபீட் உண்டு. நுழைந்தபின், அதே ஆர்க்கிடைப்பில் இன்னும் இரண்டு ஃபீட் எடுக்காமல் வேறொன்றுக்குள் நுழைய முடியாது. உட்கார்ந்தாயா, சோறும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு எழுந்திரு.

எங்கள் ஹாஃப்லிங்கின் கதையைப் பின்னோக்கிப் போய்த் தைக்கத்தான் வேண்டியிருந்தது. சுரங்கத்தில் அவன் தூங்கிய இரவில் ஒரு நிழல் அவனோடு ஒப்பந்தம் போட்டது, அது அவனுக்கு நினைவில்லை என்று வைத்தேன். மூன்று மாதம் அதையே கதையாக ஓட்டினோம். ஃபைட்டர் கொண்டுவந்த பக்கத்துக்கும் ஒரு குருவைத் தேடிக் கொடுத்தேன், அவர் இரண்டு லெவல் பொறுமையாக நடந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது புதுக் கேம்பெயின். சித்தி மகன் திரும்பவும் ரோக், திரும்பவும் நிழல் ஆசை. இந்த முறை மூன்றாம் லெவலிலேயே சொல்லிவிட்டான். போன வாரம் துறைமுகச் சத்திரத்தில் ஒரு கிழவி விளக்கருகே ஆடிக்கொண்டிருந்தாள், அவள் கை அசைந்து அரை நொடி கழித்துத்தான் சுவரில் நிழலின் கை அசைந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த லெவல் ஏறியதும் அவன் ஷீட்டை நீட்டினான். நடனம் என்ற வரியில் பென்சிலால் சின்னதாக ஒரு 1.